முடியா, ரத்தமா, சிறுநீரா: உடம்பில் உலோகம் ஏறியிருக்கிறதா என்று எதில் பார்ப்பது?

சோர்வாக இருக்கிறது, முடி கொட்டுகிறது, பையன் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை என்று எதைச் சொன்னாலும், "முடி டெஸ்ட் ஒன்று எடுத்துப் பாருங்களேன்" என்று சொல்ல இப்போது யாராவது இருக்கிறார்கள். பின்னந்தலையில் ஒரு கொத்து முடியை வெட்டி உறையில் போட்டு அனுப்பினால் போதும், ஊசி கிடையாது, முப்பது நாற்பது தனிமங்களுக்குப் பச்சையும் சிவப்புமாகப் பட்டை போட்டு ரிப்போர்ட் வந்துவிடும். சௌகரியம் என்று பார்த்தால் ரத்தமும் சிறுநீரும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் எந்த உலோகம், எந்த வழியாக, எப்போது உள்ளே போனது என்று கேட்காமல் இந்த மூன்றில் எது நல்லது என்று பேசுவதில் அர்த்தமில்லை.

முடி ஜெயிக்கிற இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசம். முடியின் புரதமான கெரட்டினில் உள்ள கந்தகத்தை இது விடாமல் பிடித்துக்கொள்ளும், அதனால் ரத்தத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய 250 மடங்கு முடியில் சேரும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது என்பதால், வேரிலிருந்து அளந்துகொண்டே போனால் போன மாதம், அதற்கு முந்தைய மாதம் என்று பின்னோக்கிப் படிக்கலாம். ஈராக்கில் 1971-72இல் விதைப்பதற்காக வந்த, மெத்தில் பாதரசப் பூஞ்சைக்கொல்லி பூசிய தானியத்தை மக்கள் மாவாக்கி ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுவிட்டார்கள். 6,500 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், அங்கே மட்டும் 459 பேர் இறந்தார்கள். அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களின் நீள முடியைத் துண்டு துண்டாக அளந்துதான் வயிற்றில் இருந்த குழந்தைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். ரத்தத்தாலும் சிறுநீராலும் இப்படிப் பின்னோக்கிப் போய் மாதவாரியாகச் சொல்ல முடியாது.

அதே பாதரசம் ஆவியாக மூக்கு வழியாகப் போயிருந்தால் முடி தோற்றுவிடும். 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை மாதிரியான இடத்தில் வேலை பார்த்தவருக்குச் சிறுநீரில்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த வகைப் பாதரசம் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. அதுவும் வேலையில் இருக்கும்போதோ விட்ட சில மாதங்களுக்குள்ளோ எடுத்தால்தான் பிரயோஜனம், பல வருடம் கழித்து எடுத்து நார்மல் என்று வந்தால் அதை வைத்து எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஈயத்தில் போட்டியே இல்லை, ரத்தம்தான். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி குழந்தைகளுக்கு வைத்திருக்கும் 3.5 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் நடவடிக்கை எடுக்கச் சொன்ன 5 மைக்ரோகிராம், இரண்டுமே ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கான கணக்கு. முடியில் இவ்வளவு ஈயம் இருந்தால் இன்னது செய் என்று சொல்லும் அப்படியொரு எல்லை கிடையாது. விரல் நுனியில் குத்தி எடுத்ததில் அதிகம் வந்தால் கையில் நரம்பிலிருந்து எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள், விரலில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிவிடும். ரத்தத்துக்கும் ஒரு குறை உண்டு: ஈயம் அதில் ஒரு மாதத்தில் பாதியாகிவிடும், எலும்பில் பத்திருபது வருடம் உட்கார்ந்திருக்கும். ஆகவே இது பெரும்பாலும் அண்மைக்காலக் கதையைத்தான் சொல்லும்.

ஆர்சனிக்குக்குச் சிறுநீர். எடுப்பதற்கு முன் சில நாள் மீன், இறால், நண்டு எதுவும் வேண்டாம், அவற்றில் உள்ள தீங்கில்லாத ஆர்சனிக் சேர்மம் மொத்தக் கணக்கைத் தூக்கிவிடும். நிலத்தடி நீரில் ஆர்சனிக் உள்ள வங்காளத்துக் குழாய்க் கிணற்று ஆய்வுகளில் முடியையும் அளந்திருக்கிறார்கள், ஊர் அளவில் பார்க்க அது உதவும். தனி ஆளுக்கு வரும்போதுதான் சிக்கல்: அந்தத் தண்ணீரில்தானே குளிக்கிறார்? உள்ளிருந்து வந்தது எது, வெளியே ஒட்டியது எது என்று கழுவிப் பிரிக்க முடிவதில்லை. நெப்போலியன் முடியில் ஆர்சனிக் இருந்ததை வைத்து விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்று எத்தனை வருடம் பேசினார்கள்! 2008இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் அவருடைய சிறுவயது முடி, மனைவி ஜோசஃபினின் முடி, மகனின் முடி என்று எல்லாவற்றையும் அளந்தபோது, அந்தக் காலத்தில் எல்லாருக்குமே அப்படித்தான் இருந்தது என்று தெரிந்தது.

சரி, சத்துகளுக்கு வருவோம், பேக்கேஜ் விற்பதே இதை வைத்துத்தான். இங்கே முடியை நம்பவே மாட்டேன். இரும்புச்சத்துக் குறைவா என்று தெரிய ரத்தத்தில் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) ஹீமோகுளோபினும் பாருங்கள். கால்சியத்தை உடம்பு ரத்தத்தில் இறுக்கமாகக் கட்டி வைத்திருக்கிறது, முடியில் ஏறுவதும் இறங்குவதும் எலும்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. துத்தநாகம் இன்னும் மோசம்: சத்தில்லாத குழந்தைக்கு முடி வளர்வதே குறைவதால், உள்ளே பற்றாக்குறை இருக்கும்போதே முடியில் நார்மல் என்று காட்டலாம். போதாததற்குப் பொடுகு ஷாம்பு. சிலவற்றில் ஜிங்க் பைரிதியோன், சிலவற்றில் செலினியம் சல்ஃபைடு. ரிப்போர்ட்டில் செலினியம் சிவப்பில் வந்தால் முதலில் குளியலறை அலமாரியைத் திறந்து பாருங்கள்.

லேபுகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பது தனிக் கொடுமை. 2001இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமான ஒரே ஆளின் முடியைப் பிரித்து ஆறு லேபுகளுக்கு அனுப்பினார்கள். 12 தனிமங்களில் மிகக் கூடிய எண்ணுக்கும் மிகக் குறைந்த எண்ணுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். என்ன சாப்பிட வேண்டும், எந்த மாத்திரை போட வேண்டும் என்ற ஆலோசனையும் ஒன்றுக்கொன்று முரண். நார்மல் எல்லையை ஒவ்வொரு லேபும் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தால் வேறு எப்படி வரும்?

நான்காவதாக ஒன்றும் சுற்றுகிறது, முடியை விட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். உலோகத்தை இழுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே சிறுநீர் எடுப்பார்கள். மருந்து இழுத்தால் யார் சிறுநீரிலும் எண் ஏறத்தான் செய்யும், அதை மருந்து எடுக்காதவர்களின் நார்மலோடு ஒப்பிட்டு விஷம் ஏறியிருக்கிறது என்பார்கள். அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அறிக்கையே விட்டது. அடுத்து கிலேஷன் டிரிப், அதாவது உலோகத்தை இழுக்கும் மருந்தையே சொட்டு சொட்டாக ரத்தத்தில் ஏற்றுவார்கள். 2005இல் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள 5 வயதுப் பையன் அப்படி ஏற்றும்போது ரத்தக் கால்சியம் சரிந்து இறந்தான். ஈயம் ஏறிய குழந்தைக்குக்கூட இந்த மருந்தைப் பற்றி டாக்டர்கள் வழக்கமாக யோசிப்பது டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமை எட்டிய பிறகுதான், அதுவும் நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் உறுதியான பிறகு.