மூஞ்சிக்கல் மாடி ஜிம்: ஆறு மாதம் போன அனுபவம்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் கீழே காய்கறிக் கடை, மேலே தகரக் கூரை போட்ட ஒரு மாடி. அதுதான் ஜிம். பெயர்ப்பலகை மழையில் வெளுத்துப்போனதால் ஊரில் எல்லோருக்கும் அது வெறும் மாடி ஜிம். நவம்பரிலிருந்து வாரத்துக்கு நான்கு நாள் போகிறேன். மே கடைசியில் ஊரை விட்டுப் புறப்பட வேண்டும். அதற்குள் இதை எழுதிவிட நினைத்தேன்.

நான் இங்குள்ள கத்தோலிக்கப் பங்கின் சாமியார், வயது 54. இந்தப் பங்கில் ஆறு வருஷம் முடிகிறது. அடுத்த பொறுப்புக்கு முன் ஓராண்டு ஓய்வு கிடைத்திருக்கிறது. அதில் முதல் வேலையாக, இயேசுவின் சீடர் யாக்கோபுவான புனித சந்தியாகப்பர் கல்லறைக்கு நடந்து போகிறேன். பிரான்ஸ் பக்கம் மலையடிவாரத்தில் தொடங்கி ஸ்பெயினின் வடமேற்கு மூலை வரை சுமார் 780 கிலோமீட்டர். கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். ஆனால் எனக்கு முழுசாக நடக்க வேண்டும். அம்மாவுக்குத் தங்கச்சிமடம். வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கு அம்மா இடுப்பில் உட்கார்ந்து போன காலத்திலிருந்து இருக்கிற ஆசை இது.

முதலில் கீழே ஊரில் ஒரு பெரிய ஜிம்மில் விசாரித்தேன். எங்கே போகிறேன், எதற்குப் பயிற்சி என்று யாரும் கேட்கவில்லை. எடை பார்த்தார்கள், பவுடர் டப்பாவைக் காட்டினார்கள், வந்துவிட்டேன்.

மாடி ஜிம் மாஸ்டருக்கு முப்பது வயசுகூட இருக்காது. தினமும் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேனே, அது போதாதா என்று கேட்டேன். “ஏரி சமதளம் ஃபாதர். நீங்க போற எடத்துல மொத நாள் எவ்வளவு ஏறணும்?” என்றார். பைரனீஸ் மலையில் சுமார் 1,250 மீட்டர் ஏறி, அன்றைக்கே மறுபக்கம் இறங்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “ஏறும்போது நெஞ்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வாங்கும். நாம இறங்கப் பழகுவோம்.”

அன்றைக்கு அவர் எடுத்து வைத்தது ஒரு மரப்பெட்டி. உயரம் ஒன்பது அங்குலம், பக்கத்தில் சாக்பீஸில் எழுதியிருக்கும். அதன்மேல் ஒற்றைக்காலில் நின்று, மற்ற காலை முன்னால் விட்டு, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறக்க வேண்டும். குதிகால் தரையைத் தொட்டதும் திரும்ப மேலே. பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். மூன்றாவது தடவையே தொடை கிடுகிடுவென ஆடியது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே நம் எடையைப் பிடித்து நிறுத்துகிறது, அந்த வேலைக்கு அது பழகாவிட்டால் பாரமெல்லாம் முட்டியில்தான் விழும் என்று தன் தொடையையே தட்டிக் காட்டிச் சொன்னார். மறுநாள் காலைத் திருப்பலியில் முழந்தாளிடும்போது அது எந்தத் தசை என்று நன்றாகத் தெரிந்தது.

அப்புறம் பை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது அந்தப் பாதையில் போகிறவர்கள் சொல்லும் கணக்கு. என் 72 கிலோவுக்கு ஏழு கிலோ. மாஸ்டர் பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினார். மேலே ஏறியதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெறும் பையோடு இறங்கு. வாரம் ஆக ஆக ஒவ்வொரு பாட்டிலாகக் கொட்டாமல் வை. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

பையோடுதான் அன்பியங்களுக்கும், அதாவது பங்கிலுள்ள அக்கம்பக்க வீடுகளின் சிறு குழுக்களுக்கும், போனேன். எப்படியும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டுத்தானே கிளம்ப வேண்டும், ஜீப் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதில் ஒரு சிக்கல், “வெறும் கையோட போகாதீங்க சாமி” என்று வீட்டுக்கு வீடு மலைப்பூண்டு. ஒருநாள் பங்களாவுக்குத் திரும்பித் தராசில் வைத்தால் பத்து கிலோவைத் தாண்டியிருந்தது. எப்படி வேண்டாம் என்பது?

பிப்ரவரியில் மாஸ்டரே ஒரு ஞாயிறு மதியம் வட்டக்கானலிலிருந்து வெள்ளக்கெவி பாதையில் கூட்டிப் போனார். ஒரே இறக்கம், கல்லும் வேருமாக இருக்கும். ஊர் எல்லையில் இருவரும் செருப்பையும் ஷூவையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். அந்த ஊருக்குள் யாரும் காலில் போட்டு நடப்பதில்லை. முட்டி வலிக்கவே இல்லை. ஆனால் குதிகாலில் கொப்புளம். அவர் வருஷாவருஷம் மாலை போட்டுத் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர். விரல் இடுக்கில் வாஸ்லின் தடவு, மேலே மெல்லிய சாக்ஸ், அதன்மேல் கனமான சாக்ஸ் என்று அன்று சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். தகரத்தில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. டிசம்பர் காலையில் இரும்புக் கம்பியைத் தொட்டால் ஐஸ், கையுறை இல்லாமல் போகாதீர்கள். ஒரே கழிப்பறை. பெண்களுக்கு 11 மணியிலிருந்து 12 வரை மட்டும்தான் நேரம், இது போதவே போதாது. வேலைக்குப் போகிற எங்கள் பங்குப் பெண்கள் இரண்டு பேர் ஆசைப்பட்டும் சேர முடியவில்லை. மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்குவதாகச் சொன்னார். இன்னும் நடக்கவில்லை.

மாதம் 800 ரூபாய். காலை ஐந்துக்குத் திறக்கிறார், ஒருநாளும் தவறியதில்லை. ஆறரைத் திருப்பலிக்கு நான் குளித்துவிட்டு வந்து நிற்க முடிந்தது அதனால்தான். உடம்பை முறுக்கேற்றிப் போட்டோ எடுக்க நினைப்பவர்களுக்கு இங்கே கண்ணாடிகூடச் சரியாக இல்லை. முட்டி வலியோடு மலையில் குடியிருக்கும் ஐம்பது வயதுக்காரர்கள், யாத்திரை போகிறவர்கள், எஸ்டேட்டில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

போனால் ஜன்னல் பக்கம் இருக்கும் ஒன்பது அங்குலப் பெட்டியைக் கேளுங்கள். ஒரு மூலையில் ஆணி லேசாகத் தூக்கியிருந்தது, போன வாரம்தான் எங்கள் கோயில் உபதேசியாரிடம் சுத்தியல் வாங்கிப் போய் அடித்து வைத்தேன்.