இரண்டு ஸ்மித்கள்: என் முதல் ஓட்டு யாருக்கு?

2001 சீசன் முடிந்தபோது, அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்லில் அதிக கேட்ச் பிடித்தவர் டென்வர் பிராங்கோஸ் அணியின் ராட் ஸ்மித். மொத்தம் 113. ஒரே ஒரு கேட்ச் குறைவாக, 112 பிடித்து இரண்டாம் இடத்தில் நின்றவர் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணியின் ஜிம்மி ஸ்மித். பிடித்த பந்துகளால் முன்னேறிய தூரமான யார்டு கணக்கில் ஜிம்மி முந்தினார்: அவருக்கு 1,373, ராடுக்கு 1,343. அந்த வருடம் மார்வின் ஹாரிசன், டெரல் ஓவன்ஸ் எல்லாரும் கேட்ச் எண்ணிக்கையில் இவர்களுக்குப் பின்னால்தான். ஹாரிசனுக்கும் ஓவன்ஸுக்கும் இந்த ஆட்டத்தின் மகத்தானவர்களைக் கௌரவிக்கும், ஓஹையோவின் கேன்டன் நகரில் உள்ள ஹால் ஆஃப் ஃபேமில் மார்பளவுச் சிலை இருக்கிறது. இந்த இரண்டு ஸ்மித்களுக்கும் இல்லை. அங்கே அனுப்ப என்னிடம் ஓட்டு இருந்தால் முதலில் யாருக்குப் போடுவேன் என்பதுதான் இங்கே கேள்வி.

அமெரிக்கக் கால்பந்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வரி: வைட் ரிசீவர் என்பவர் களத்தின் ஓரத்தில் நின்று, ஆட்டம் தொடங்கியதும் குறித்த தடத்தில் ஓடி, குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர். அவர் ஓடும் தடத்துக்கு ரூட் என்று பெயர்.

மதிப்புக் குறைத்துப் பார்க்கப்பட்ட ரிசீவர் யார் என்ற பேச்சு வந்தால் ஹென்றி எலார்டு, டோரி ஹோல்ட் பெயர்களும் வரும், வரவும் வேண்டும். எலார்டின் 13,777 யார்டு சின்ன விஷயமில்லை. ஆனால் என்னை விடாமல் இழுப்பது இந்த இரண்டு ஸ்மித்களின் கதைதான். ஒரே காலம், ஒரே குடும்பப் பெயர், கிட்டத்தட்ட ஒரே எண்கள். 1997 முதல் 2002 வரை இருவரும் ஒவ்வொரு வருடமும் 1,000 யார்டைத் தாண்டினார்கள். 2003இல் இருவரும் தவறினார்கள். 2004, 2005இல் இருவரும் மறுபடி தாண்டினார்கள். 2002இல் இருவரும் எடுத்தது 1,027 யார்டு, ஒன்று கூடவோ குறையவோ இல்லை. ஜிம்மிக்கு 1996இல் இன்னும் ஒரு ஆயிரம் உண்டு, அதனால் அவருக்கு ஒன்பது, ராடுக்கு எட்டு.

இருவரும் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் முதல் வித்தியாசம் தெரிகிறது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் ராடை யாரும் எடுக்கவே இல்லை. மிசௌரி சதர்ன் என்ற, இரண்டாம் டிவிஷனில் ஆடும் கல்லூரியில் படித்தவர். 1994இல் டென்வர் அவரைப் பயிற்சி ஸ்குவாடில் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான். 1995 செப்டம்பர் 17 அன்று வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிப் பந்தில் டென்வர் குவார்ட்டர்பேக் ஜான் எல்வே 43 யார்டு தூரம் எறிய, டேரல் கிரீன் மேல் பாய்ந்து ராட் அதைப் பிடித்தார். டச் டவுன் (எதிரணியின் கடைசிப் பகுதியான எண்ட் சோனில் பந்தைச் சேர்ப்பது), வெற்றி. என்.எஃப்.எல்லில் அவருடைய முதல் கேட்ச் அதுதான். கிரீன், ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்குகளில் அந்தக் காலத்தின் அதிவேகமானவர்களில் ஒருவர், பின்னால் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜிம்மியின் தொடக்கம் பார்வைக்கு எளிதானது. ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியிலிருந்து 1992இல் டல்லாஸ் கௌபாய்ஸ் அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது. ஆனால் முதல் வருடமே கால் எலும்பு முறிந்தது. அடுத்த வருடம் குடல்வால் அறுவை சிகிச்சை, அதில் தொற்று, சீசன் முழுக்கப் போனது. அந்த இரண்டு வருடமும் டல்லாஸ் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஜெயித்ததால், பட்டம் வென்றவர்களுக்குத் தரும் மோதிரம் அவர் கையில் இரண்டு இருந்தது, கேட்ச் ஒன்றுகூட இல்லை. டல்லாஸ் விடுவித்தது. பிலடெல்பியா கொஞ்ச நாள் வைத்துவிட்டு அனுப்பியது. 1994 முழுவதும் எந்த அணியும் இல்லை. 1995இல் புதிதாகத் தொடங்கிய ஜாக்சன்வில் அணியின் பயிற்சியாளர் டாம் காஃப்லினுக்கு, மகனைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளை எல்லாம் சேர்த்து ஒரு கோப்பாக்கி அனுப்பிவைத்தவர் ஜிம்மியின் தாயார். அப்படித்தான் வாய்ப்பு வந்தது. முதல் கேட்ச் பிடிக்கும்போது அவருக்கு 26 வயது.

அப்புறம் அவர் செய்ததைக் கணக்காகவே சொல்கிறேன். 1996 முதல் 2005 வரை பத்து சீசன்களில் 840 கேட்ச், 11,999 யார்டு. சராசரியாக வருடத்துக்கு 1,200. தொடக்க வருடமான 1995ஐயும் சேர்த்தால் மொத்தம் 862 கேட்ச், 12,287 யார்டு, 67 டச் டவுன். ராடின் மொத்தம் 849 கேட்ச், 11,389 யார்டு, 68 டச் டவுன். டிராஃப்ட் ஆகாமல் வந்து 10,000 யார்டைத் தொட்ட முதல் ரிசீவர் ராட். ஜிம்மியோ முதல் மூன்று வருடத்தைப் பறிகொடுத்துவிட்டு 12,000 தாண்டினார். எது பெரிது என்று என்னைக் கேட்டால், காகிதத்தில் ஜிம்மி கொஞ்சம் மேலே.

நேருக்கு நேர் மோதியதும் உண்டு. 1997 ஜனவரி 4, டென்வர். வழக்கமான சீசனில் 13 ஆட்டம் ஜெயித்த பிராங்கோஸ், பிறந்து இரண்டே வருடமான ஜாகுவார்ஸிடம், சீசனுக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃபில், 30-27 என்று தோற்றது. நான்காவது குவார்ட்டரின் பிற்பகுதியில் மார்க் புரூனெல் எறிந்த 16 யார்டு பாஸை எண்ட் சோனில் பிடித்து முன்னிலையைப் பத்துப் புள்ளியாக்கியவர் ஜிம்மி. அப்போது முடிந்திருந்த 1996 சீசனில் ராட் இன்னும் மாற்று ஆட்டக்காரர்தான், 16 கேட்ச் மட்டும். அதே ஊரில் 1997 கடைசியில் பிராங்கோஸ் 42-17 என்று கடன் தீர்த்தது. அப்போது ராட் 1,180 யார்டும் 12 டச் டவுனும் எடுத்து முடித்திருந்த முதல் நிலை ரிசீவர். ஒன்று கவனியுங்கள்: இரண்டு ஆட்டத்துக்கும் நடுவே ஒரு வருடம்கூட இல்லை.

உச்சத்தைப் பற்றிப் பேசினால் ஒரு நாள் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். 2000 செப்டம்பர் 10, பால்டிமோர். அந்த வருட ரேவன்ஸ் தடுப்பு அணி 16 ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தது மொத்தமே 165 புள்ளி. 16 ஆட்ட சீசன் இருந்த காலம் முழுக்க அதைவிடக் குறைவாக யாரும் விட்டதில்லை. அந்த அணிக்கு எதிராக, அவர்கள் சொந்த மைதானத்தில், ஜிம்மி ஸ்மித் 15 கேட்ச் பிடித்து 291 யார்டும் மூன்று டச் டவுனும் எடுத்தார். 165இல் 36 புள்ளி அந்த ஒரே பிற்பகலில் போனது. ஆட்டம் 39-36 என்று ஜாக்சன்வில்லின் கையை விட்டுப் போனது வேறு விஷயம். பெரும் பேர் பெற்ற தடுப்பு அணியை ஒரே ஆள் இப்படிப் பிய்த்தெடுத்த இன்னொரு நாளை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 1999இல் 116 கேட்சுடன் லீகிலேயே முதலிடம் பிடித்து, 1,636 யார்டு எடுத்தவரும் அவரே. அவருடைய ரூட்டின் திருப்பங்கள் அவ்வளவு கூர்மை. எதிரில் நிற்பவர் இடுப்பைத் திருப்பி முடிப்பதற்குள் இவர் பந்தை நோக்கித் திரும்பியிருப்பார்.

ராடின் உச்சம் எண்ணிக்கையில் இப்படிப் பளிச்சிடாது. 2000இல் 1,602 யார்டு எடுத்தார், அது பெரிய வருடம்தான். 33ஆவது சூப்பர் பௌலில் எல்வே எறிந்த 80 யார்டு டச் டவுன் உட்பட 152 யார்டு எடுத்தார். ஆனால் ராடின் தனிச்சிறப்பு பந்து கையில் இல்லாத நேரத்தில்தான் இருந்தது. பயிற்சியாளர் மைக் ஷனஹனின் டென்வர், எறிவதைவிடப் பந்தோடு ஓடுவதை நம்பி ஆடும் அணி. டெரல் டேவிஸ் 1998இல் 2,008 யார்டு ஓடினார். அவர் காயப்பட்ட பின் 1999இல் ஒலாண்டிஸ் கேரி 1,159, 2000இல் மைக் ஆண்டர்சன் 1,487, 2002இல் கிளின்டன் போர்ட்டிஸ் 1,508. ஓடுபவர் மாறிக்கொண்டே இருந்தார், ஓட்டம் மாறவில்லை. இதற்கான பாராட்டு முன்வரிசைக்கும் அதைப் பழக்கிய அலெக்ஸ் கிப்ஸுக்கும் போகிறது, அது நியாயம். ஆனால் முன்வரிசை திறந்துவிடும் வழி ஏழெட்டு யார்டு வரைதான். அதற்கு அப்பால் நிற்கும் கார்னர்பேக்கையும் சேஃப்டியையும் யாராவது மறித்தால்தான் எட்டு முப்பதாகும். அந்த மறிப்பை ஒவ்வொரு வாரமும் செய்தவர் ராட். பல ரிசீவர்கள் பந்து வராத ஆட்டத்தில் பெயருக்கு ஓடுவார்கள். இவர் ஓடிப்போய் ஆளைப் பிடித்து நிறுத்துவார்.

32ஆவது சூப்பர் பௌலில் ராட் ஸ்மித் பிடித்த கேட்ச் பூஜ்யம். ஆமாம், அந்த சீசனில் 70 கேட்ச் பிடித்த முதல் நிலை ரிசீவருக்குப் பூஜ்யம். எல்வே அன்று முடித்த பாஸ்களே 12தான். டேவிஸ் 157 யார்டு ஓடி மூன்று டச் டவுன் போட, டென்வர் 31-24 என்று கிரீன் பேயை வென்றது. அணியின் முதல் பட்டம் அது. மோதிரம் என்று பார்த்தால் ராடுக்கும் இரண்டு, ஜிம்மிக்கும் இரண்டு. ஆனால் ராடின் இரண்டும் களத்தில் உழைத்துச் சம்பாதித்தவை. இந்த இடத்தில் ராட் மேலே.

ஹால் ஆஃப் ஃபேம் வாசலில் நிற்கும்போது ஜிம்மிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர் மைக்கேல் இர்வின். ஜிம்மி டல்லாஸில் காத்துக்கிடந்தபோது அங்கே ராஜாவாக இருந்தவர் இர்வின். அவருடைய மொத்தம் 750 கேட்ச், 11,904 யார்டு, 65 டச் டவுன், ஐந்து புரோ பௌல் (சீசனின் சிறந்தவர்களுக்கான ஆட்டம்). 2007இல் உள்ளே போனார். ஜிம்மி இந்த மூன்று எண்களிலும் மேலே, புரோ பௌலில் சமம். இர்வினைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிளேஆஃபில் அவர் ஆடிய ஆட்டமும் மூன்று பட்டமும் உண்மையானவை. ஆனால் அவரை அனுமதித்த வாசல் ஜிம்மிக்கு இத்தனை வருடம் மூடிக் கிடப்பதற்கு ஆட்டத்திலிருந்து ஒரு காரணத்தை என்னால் எடுத்துக்காட்ட முடியவில்லை. சின்ன ஊர், புது அணி, தேசிய ஒளிபரப்பு குறைவு. ஜாகுவார்ஸ் அணிக்காரர் என்று ஒருவர் ஹாலுக்குள் போனதே 2022இல் டோனி பொசெல்லி மூலம்தான்.

ஜிம்மியின் போதைப் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2003இல் நான்கு ஆட்டம் தடை செய்யப்பட்டார், அந்த வருடம் 805 யார்டில் நின்றது அதனால்தான். ஓய்வுக்குப் பின் சிறை வரை போனார். மீண்டு வந்தார். 2016இல் ஜாக்சன்வில் தன் கௌரவ வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது. களத்தில் நடந்ததை மட்டுமே கருத வேண்டும் என்பது ஹாலின் சொந்த விதி. அந்த விதிப்படி அவரை எடை போட்டால் போதும். டென்வர் தன் கௌரவ வரிசையில் ராடை 2012லேயே சேர்த்துவிட்டது. அவருக்குச் சொந்த ஊரில் குறையில்லை.

சரி, என் ஓட்டு. சீட்டில் ஒரே ஒரு இடம் என்றால் ஜிம்மி ஸ்மித். நல்ல வருடங்கள் அவருக்கே அதிகம், உச்சமும் அவருடையதே உயரம், அநியாயமும் அவருக்கே பெரிது. இரண்டு இடம் என்றால் யோசிக்காமல் அடுத்த பெயர் ராட். கடைசியாக ஆடி 25 சீசன் ஆகிவிட்டால் மூத்தோர் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த வழியாக 2025இல் ஸ்டெர்லிங் ஷார்ப் உள்ளே போனது எனக்கு நம்பிக்கை தருகிறது, ஆனால் அதுவரை காத்திருக்க வைக்கக் கூடாது.

இருவரையும் பார்த்தே இராதவர்கள் முதலில் 2000 பால்டிமோர் ஆட்டத்தைத் தேடி எடுத்து ஜாகுவார்ஸின் 82ஆம் எண்ணைப் பாருங்கள். அப்புறம் 32ஆவது சூப்பர் பௌலைப் போடுங்கள். டேவிஸ் பந்தோடு ஓடும்போது உங்கள் கண் அவர் மேல் போகும், போக விடாதீர்கள். பிராங்கோஸின் 80ஆம் எண் எங்கே நிற்கிறது, யாரை மறிக்கிறது என்று மட்டும் பாருங்கள்.