பழைய டிரம் செட்: லுட்விக்கா, பிரிமியரா, ஜப்பானா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறை 10 அடிக்கு 12 அடி, உயரம் ஒன்பதரை அடி. கடல் நடந்து போகிற தூரம்தான். நான்கு மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு இன்டர்ஃபேஸ், ஒரு கணினி, சுவரோரம் நிறுத்திய இரண்டு இலவம்பஞ்சு மெத்தை. இதுதான் ஸ்டூடியோ. இதற்குள் ஒரு பழைய டிரம் செட் வாங்கி வைக்க வேண்டும் என்று அலைந்தபோது மூன்று செட்டுகள் கைக்கு எட்டின: 1960களின் அமெரிக்க லுட்விக் ஒன்று, பழைய பிரிட்டிஷ் பிரிமியர் ஒன்று, 1980களின் ஜப்பான் டாமா ஒன்று. மூன்றையும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

முதலில் அறையைச் சொல்லிவிடுகிறேன். செட்டைப் பார்க்கப் போகும் முன் எல்லோரும் தங்கள் அறையை அளந்துவிட வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது. 10 அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அதிர்வு தங்கி நிற்கும். 12 அடிக்கு 47. என் அறையின் தரைக்கும் தளத்துக்கும் நடுவே 59. ஆக 56-ம் 59-ம் பக்கத்தில் பக்கத்தில் விழுகின்றன. காலால் மிதித்து அடிக்கும் 22 அங்குல கிக் டிரம்மைக் கொஞ்சம் தளர்வாக டியூன் செய்தால் அதன் அடிநாதமும் அங்கேயேதான் வந்து உட்காரும். டிரம் அடித்து நின்ற பிறகும் அறை ‘கும்’ என்று இழுத்துக்கொண்டே இருக்கும். ரெக்கார்டிங்கில் அந்த இழுப்பைப் பிறகு பிரித்து எடுப்பது பெரும்பாடு. 20 அங்குல கிக் இயல்பாகவே கொஞ்சம் மேலே பாடும், தப்பித்துவிடும். சின்ன அறைக்கு 20 என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் லுட்விக்குக்குத்தான் முதல் மரியாதை. அவர்களுடைய டவுன்பீட் செட் 20 அங்குல கிக், 12 டாம் (கிக்கின் மேல் மாட்டும் சின்ன டிரம்), 14 ஃப்ளோர் டாம் (தரையில் நிற்பது). சூப்பர் கிளாசிக் என்றால் 22, 13, 16. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்தபோது அவர்களுடைய டிரம்மர் ரிங்கோ ஸ்டார் முன்னால் இருந்தது டவுன்பீட்தான். அதற்குப் பிறகு சிகாகோ தொழிற்சாலையில் ஆர்டர் குவிந்தது. அந்தக் காலத்து ஷெல் (டிரம்மின் உருளை உடல்) மூன்று அடுக்குதான்: மகோகனி, பாப்லர், மேப்பிள். உள்பக்கம் மேலும் கீழும் ஒரு மர வளையம். தோல் உட்காரும் விளிம்பு இன்றைய டிரம் போல் கத்தி முனையாக இருக்காது, மழுங்கி வளைந்திருக்கும். அதனால் நாதம் சீக்கிரம் அடங்கும், தடித்து ஒலிக்கும், பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். 1970களின் நடுவில் அவர்கள் ஆறடுக்கு ஷெல்லுக்கு மாறினார்கள். அதற்குப் பிறகு வந்தவை வேறு ரகம். நல்ல செட்டுகள்தான், ஆனால் அந்தப் பழைய ஒலிக்காக வாங்குகிறவர்களுக்கு அவை சரிவராது.

நான் பார்த்த லுட்விக், பிரான்சில் பல வருடம் இருந்துவிட்டுக் குருசுக்குப்பத்துக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தினுடையது. டாமின் ஹெட்டை, அதாவது தோலை, கழற்றி டார்ச் அடித்தால் உள்ளே சிவப்பு மையில் தேதி முத்திரை மங்கலாகத் தெரிந்தது. வருடத்தை நம்ப அந்த முத்திரைதான் வழி, வெளியே பேட்ஜில் இருக்கும் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. மேல் டாமில் கையால் ஒரு தட்டு தட்டினேன். ஈரிழைத் துண்டு ஒன்றை மடித்துப் போட்டு மறுபடி தட்டினேன். ‘தொப்’ என்று அறுபதுகளின் ரெக்கார்டு அப்படியே வந்து நின்றது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆனாலும் எடுக்கவில்லை. விலை மற்ற இரண்டையும் கூட்டினாலும் மேலே நின்றது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கிக்கில் யாரோ புதிதாக டிரில் போட்டு வேறொரு டாம் ஹோல்டர் மாட்டியிருந்தார்கள். பழைய டிரம்மில் கம்பெனி போடாத ஓட்டை ஒன்று இருந்தாலே மதிப்பு வெகுவாக இறங்கும். மேலே சுற்றிய பிளாஸ்டிக் ஷீட்டும் ஒட்டுப் பக்கம் சுருங்கிப் பிரியத் தொடங்கியிருந்தது. இங்கே கோடையில் மாடியறை எப்படிக் கொதிக்கும் என்று தெரியும். இன்னும் இரண்டு சித்திரை தாங்குமா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பிரிமியரைப் பார்க்கக் கடலூர் மஞ்சக்குப்பம் போனேன். ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் வாசித்த பெரியவர் வீடு. செட்டின் மேல் போட்டிருந்த பழைய போர்வையை எடுத்ததும் கண் கூசியது. பிரிமியர் லெஸ்டர் நகரத்து பிரிட்டிஷ் கம்பெனி, தி ஹூ குழுவின் டிரம்மர் கீத் மூன் வாசித்தது. அவர்கள் குரோம் பூச்சுக்குப் பேர் போனவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சில்வர் பீச்சிலிருந்து உப்புக்காற்று நேராக வரும் வீட்டில் அத்தனை வருடம் இருந்தும் ரிம்மில், அதாவது தோலைப் பிடிக்கும் உலோக வளையத்தில், துரு ஊசிமுனை அளவுக்குத்தான் இருந்தது. கடலோர ஊரில் செட் வைத்திருக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

“அண்ணே, கழற்றிப் பார்க்கலாமா?” என்றேன்.

“தாராளமா பாருங்க தம்பி. ஆனா கிக்கைக் கேக்காதீங்க. அது ‘தானே’ புயல்ல நனைஞ்சது.”

2011 டிசம்பர் 30 காலை அந்தப் புயல் கரையைக் கடந்தபோது அவர் வீட்டு ஓடுகள் பறந்து போயிருந்தன. டாம்களை உள்ளறைக்கு மாற்ற நேரம் இருந்தது, கிக்கை மாற்ற முடியவில்லை.

டாம்களைச் சமையலறைக்குக் கொண்டுபோனோம். பழைய ஷெல்லைச் சோதிக்க கிரானைட் மேடையை மிஞ்சிய கருவி நம் வீட்டில் இல்லை. அந்த அம்மா மிக்ஸியை நகர்த்தி இடம் கொடுத்தார். ஹெட், ரிம் எல்லாவற்றையும் கழற்றி, ஷெல்லைக் கவிழ்த்து வைத்து, உள்ளே செல்போன் டார்ச்சை எரியவிட்டு, விளக்கை அணைத்துக் குனிந்து பார்த்தேன். விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் கசியக் கூடாது. சின்ன டாம் சுத்தம். ஃப்ளோர் டாமில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சக் கோடு தெரிந்தது. பிறகு இஞ்ச் டேப்பை நான்கு பக்கமாக வைத்து விட்டம் அளந்தேன், வட்டம் கொஞ்சம் நீண்டிருந்தது. கையோடு கொண்டுபோன புது ஹெட்டும் அதில் முழுதாக இறங்கவில்லை. மிகப் பழைய பிரிமியர்களின் அளவே இன்றைய ஹெட்டுக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அதோடு கோணலும் சேர்ந்தால் டியூனிங் நிற்காது. கிக்கையும் பார்த்தேன். அடுக்குகள் விட்டு, தட்டினால் உடைந்த பானைச் சத்தம். மனசில்லாமல் விட்டுவிட்டு வந்தேன். கிக் நல்லபடி இருக்கும் பிரிமியர் உங்களுக்குக் கிடைத்தால், ஹெட் இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு யோசிக்காமல் எடுங்கள்.

மூன்றாவது, டாமா சூப்பர்ஸ்டார். இந்த ஜப்பான் செட்டுகளைப் பற்றி நம் பக்கம் ஒரு இளக்காரம் இருக்கிறது, விண்டேஜ் என்றால் அமெரிக்காதான் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. டாமா என்ற பெயர் வந்தது 1974-ல். அதே பத்தாண்டில் யமஹா தன் 9000 வரிசையைக் கொண்டுவந்தது. அதுதான் பிறகு ரெக்கார்டிங் கஸ்டம், அமெரிக்க டிரம்மர் ஸ்டீவ் காட் வாசித்த செட். சூப்பர்ஸ்டார், ரெக்கார்டிங் கஸ்டம் இரண்டுமே பிர்ச் மரம். பிர்ச் அடியும் உச்சியும் தூக்கலாக, நடுப்பகுதி கொஞ்சம் உள்வாங்கி ஒலிக்கும். அந்த நடுப்பகுதியில்தான் குரலும் கீபோர்டும் கிடாரும் நெரிசலாக நிற்கின்றன. ஆகவே மிக்சிங்கில் டிரம் தானாக வழிவிட்டு நிற்கும். டாமாவின் மலிவான இம்பீரியல்ஸ்டார் பிலிப்பைன் மகோகனி. அதையும் ஒதுக்க வேண்டாம், லுட்விக்கின் கதகதப்புக்குப் பக்கத்தில் வரும்.

குறையும் சொல்ல வேண்டும். எண்பதுகளின் செட் என்றால் பெரும்பாலும் 22 அங்குல கிக், ஆழமான டாம்கள். நான் கடைசியில் எடுத்த டாமாவும் 22 தான். மேலே சொன்ன ‘கும்’ பிரச்சினை அப்படியே வந்தது. இரண்டு வேலை செய்தேன். கிக்கை இயல்பைவிட ஒரு படி மேலே டியூன் செய்தேன், செட்டைச் சுவரோரத்திலிருந்து அறையின் நடுப்பக்கம் இழுத்தேன். சுவரிலிருந்து சுவருக்கு நிற்கும் அந்த முதல் அதிர்வு மூலைகளில் பலமாகவும் நடுவில் பலவீனமாகவும் இருக்கும். முழுதாகப் போகவில்லை, வேலை பார்க்கும் அளவுக்கு அடங்கியது. நடக்க இடம் போனதுதான் மிச்சம்.

புது செட் ஏன் கூடாது என்று கேட்பீர்கள். முதல் செட் வாங்குகிறவர் யமஹா ஸ்டேஜ் கஸ்டம் எடுப்பதே நல்லது, அதுவும் முழு பிர்ச்தான். நல்ல கோட்டட் ஹெட் (மேற்பூச்சுள்ள தோல்) போட்டுத் துண்டு மடித்து வைத்தால் அந்தப் பழைய ஒலிக்குப் பாதி தூரம் வந்துவிடும்.

ஸ்நேர், அதாவது அடியில் கம்பிகள் அதிர்ந்து ‘சட்’ என்று ஒலிக்கும் டிரம், தனிக் கதை. பாட்டில் காது முதலில் பிடிப்பது ஸ்நேரைத்தான், ஆகவே பழமைக்குக் கொடுக்க நினைத்த பணத்தை நான் அங்கே கொடுத்தேன். எல்லோரும் தேடுவது லுட்விக் சுப்ராஃபோனிக். அலுமினிய ஷெல், மேலே குரோம், பத்து லக் (ஹெட்டை இறுக்கும் ராடுகள் மாட்டும் பிடி). அலுமினியத்தின் மேல் குரோம் பல வருடம் நிற்பதில்லை. கொப்புளம் கட்டி உரியும். குளிர் நாட்டிலேயே உரிகிறது என்றால் புதுச்சேரிக் காற்றைச் சொல்லவே வேண்டாம். அதே கம்பெனி மாணவர்களுக்காகச் செய்த ஸ்நேர் அக்ரோலைட். அதுவும் அலுமினிய ஷெல்தான், 14 அங்குலம், ஐந்து அங்குல ஆழம். லக் எட்டு, ஷெல்லில் குரோம் கிடையாது, சாம்பல் நிறத்தில் ஆனோடைஸ் (உலோகத்தின் மேற்பரப்பையே கெட்டியாக்குவது) செய்தது. உரிய அங்கே ஒன்றும் இல்லை. விலையும் சுப்ராஃபோனிக்கைவிடக் குறைவு. கடலோரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழைய ஸ்நேர் எனக்குத் தெரியவில்லை. சென்னையில் ஒன்று கிடைத்தது. ஈ.சி.ஆர். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

பெடலை மட்டும் பழசாக வாங்காதீர்கள். லுட்விக்கின் ஸ்பீட் கிங் பெடல் பேர் பெற்றதுதான், ஆனால் பழசானால் கிரீச்சிடும், மைக் அதை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்ளும்.

இப்போது நான்கு மைக்கில் வேலை நடக்கிறது: கிக்குக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று, மேலே ஒன்று, ஃப்ளோர் டாம் பக்கம் தோளுயரத்தில் ஒன்று. கடைசி இரண்டும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரம், நூல் பிடித்து அளந்தது. ரெக்கார்டிங் மாலை நான்கிலிருந்து ஆறு வரை, பக்கத்து வீட்டில் பகல் தூக்கம் கலைந்த பிறகு. முடித்ததும் ரிம்களை உலர்ந்த துணியால் துடைக்கிறேன். புள்ளித்துரு கண்ணில் பட்டால் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் குரோம் கீறாமல் போய்விடுகிறது. மாதம் ஒருமுறை அக்ரோலைட்டின் ராடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மரையில் துளி வாஸ்லின் தடவி மாட்டுகிறேன். மேலே எட்டு, கீழே எட்டு, அரைமணி நேர வேலை.