படகின் இருக்கைப் பலகைகள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

எங்கள் துடுப்புப் படகில் மூன்று தேக்கு இருக்கைப் பலகைகள் உள்ளன. ஆண்டு முழுவதும் திறந்தவெளியில் கிடக்கும் படகு என்பதால் வெயிலும் மழையும் அவற்றின்மேல் நேரடியாகவே விழுகின்றன. ஆறு ஆண்டுகளுக்கு முன் முதன்முறை புதுப்பித்தபோது, நல்ல எனாமல் பெயின்ட்டை மூன்று கோட் அடித்தால் போதும் என்று நம்பி, கண்ணில் படாத அடிப்பக்கத்தை வெறும் மரமாகவே விட்டுவிட்டேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள், ஈரம் குடித்த அடிப்பக்கம் விரிய, பூசிய மேற்பக்கம் விரியாமல் நிற்க, பலகைகள் மழைநீர் தேங்கும் அளவுக்குக் குழிந்துவிட்டன.

உரிந்த இடங்களைச் சுரண்டிப் பார்த்தேன். நடுப்பகுதியில் பெயின்ட் உறுதியாகவே இருந்தது. இரு முனைகளிலும் திருகாணிகளைச் சுற்றியும்தான் தோல் தோலாக உரிந்து வந்தது. ஒரு திருகாணியைக் கழற்றியபோது துளையின் உட்புறம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் உள்வாங்கும் அளவுக்குப் பதத்துப்போயிருந்தது. மரத்தின் நீர்க்குழாய்கள் நீளவாக்கில் ஓடுவதால், குறுக்கே அறுத்த முனை என்பது அக்குழாய்களின் திறந்த வாய். பலகையின் பரந்த முகத்தைவிட அது பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். நான் பெயின்ட்டைக் கொட்டியதோ அதிகம் உறிஞ்சாத இடத்தில்.

மறு ஆண்டு பழைய பூச்சு முழுவதையும் நீக்கி, பலகைகளைக் கூரைக்குக் கீழே காற்றோட்டமாக அடுக்கி, ஈரமானி 12 சதவீதத்துக்குக் கீழே காட்டும்வரை பல வாரங்கள் காத்திருந்தேன். வேலையிலேயே கடினமானது இந்தக் காத்திருப்புதான். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மரம் உள்ளிருந்தே மக்கும். பிறகு 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, கூரான விளிம்புகளை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டினேன். கூர்முனையில் எந்தப் பூச்சும் விலகி மெலிந்துவிடும். தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, எபாக்சியை (இரு திரவங்களைக் கலந்து பூசினால் கெட்டியாக இறுகும் பிசின்) ஆறு பக்கமும் பூசினேன். வெட்டுமுனைகளுக்கு மட்டும் மரம் இனி குடிக்காது என்று தெரியும்வரை திரும்பத் திரும்பப் பூச வேண்டியிருந்தது.

முதல் பலகையைக் காலையில் பூசியது என் தவறு. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருந்த காற்று விரிந்து, எபாக்சி முழுவதும் குண்டூசித் தலை அளவில் குமிழிகள் கிளம்பின. வெப்பம் இறங்கும் மாலையில் பூசிய மற்ற இரண்டிலும் ஒரு குமிழிகூட இல்லை. இறுகிய எபாக்சியின்மேல் சில நேரம் மெழுகு போன்ற படலம் படியும். அதைத் தண்ணீர்விட்டுக் கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், மேலே அடிக்கும் பெயின்ட்டும் சரியாகப் பிடிக்காது. திருகாணித் துளைகளைப் பெரிதாக்கி, பதத்துப்போன மரத்தைச் சுரண்டி எடுத்து, மரத்தூள் குழைத்த எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் நடுவில் புதிதாகத் துளையிட்டேன். இப்போது திருகாணி மரத்தைத் தொடுவதே இல்லை.

எபாக்சி நீரைத் தடுக்கும். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரில் மஞ்சளித்துப் பொடியும் என்பதால் அதன்மேல் ஒரு காப்பு கட்டாயம். இரண்டு பலகைகளுக்குப் பிரைமரும் வெளிர்சாம்பல் நிறப் பாலியூரித்தேன் பெயின்ட்டும் அடித்தேன். (அடர்நிறம் பார்வைக்கு நன்றாக இருக்கும், நண்பகலில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் சூடு தெரியும்.) தேக்கின் வரிகளை மறைக்க மனமில்லாமல் முன்பலகைக்கு மட்டும் புற ஊதாத் தடுப்புள்ள வார்னிஷை ஆறு கோட் அடித்தேன்.

ஐந்து ஆண்டுகளில் பெயின்ட் அடித்த இரண்டும் பளபளப்பை மட்டுமே இழந்துள்ளன. துடுப்பு உரசிப் பெயர்ந்த ஓரிடத்தை ஒருமுறை ஒட்டுப்போட்டேன், அவ்வளவே. வார்னிஷ் பலகையோ ஆண்டுதோறும் லேசாகத் தேய்த்து இரண்டு கோட் கேட்கிறது. ஓர் ஆண்டு தவறவிட்டதற்கு, வார்னிஷ் செதில் செதிலாக எழும்பி, கீழிருந்த எபாக்சியும் வெளுத்துப் போனதால், மரம் வரை சுரண்ட நேர்ந்தது. ஆனாலும் படகில் ஏறுபவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது அந்தப் பலகையைத்தான் என்பதால், அதற்குப் பெயின்ட் அடிக்க இன்னும் கை வரவில்லை.