மலையகத்து வாசலுக்கு எந்த இருக்கை? மடிப்பது, அடுக்குவது, பூட்டுவது: ஓர் ஒப்பீட்டு அலசல்

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து மரணாதார சங்கமோ (மரண வீட்டுக்கு உதவும் சங்கம்) கோயில் சபையோ இளைஞர் மன்றமோ பொதுத் தேவைக்கென்று கதிரை வாங்கத் தீர்மானித்தால், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கடையின் சீமெந்துத் தரையில் அதை விரித்து, உட்கார்ந்து பார்த்து, விலை பேசி முடிப்பதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கதிரை பிறகு உழைக்கப் போகும் இடம் சமதரை அல்ல. இஸ்தோப்புக்கு (முன் விறாந்தைக்கு) முன்னால் சில அடி அகலமுள்ள மண் வாசல், அதை ஒட்டிய கான் (வடிகால்), அதற்கப்பால் சரிவு என்பதே பெரும்பாலான லயங்களின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், அமைப்பு. லொறியோ பிரதான வீதியிலோ கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியிலோ நின்றுவிடும். ஆகவே மலையகத்துக்கான இருக்கையை மூன்று கேள்விகளால் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வண்டி நிற்கும் இடத்திலிருந்து படிக்கட்டு ஏறி அதை யார், எத்தனை, எப்படிச் சுமப்பார்கள்? நனைந்த சரிவு மண்ணில் அது அசையாமல் நிற்குமா? காரியம் முடிந்த பின் ஈரமான மூலையில் பல மாதம் கிடந்தும் அடுத்த காரியத்துக்கு உதவுமா? இந்த மூன்றுக்கும் பிறகுதான் விலை வர வேண்டும்.

எல்லோரும் அறிந்த பிளாஸ்டிக் கதிரையிலிருந்து தொடங்குவோம். உருக்கிய பொலிபுரொப்பிலீனை அச்சில் செலுத்தி ஒரே துண்டாக எடுக்கப்படும் இந்த வகைக்கு 1972இல் பிரான்ஸைச் சேர்ந்த ஹென்றி மசொனே வெளியிட்ட கதிரை முன்மாதிரியாக அமைந்தது. ஒன்றைச் செய்ய இரண்டு நிமிடமும் ஆகாது என்பதே அது உலகெங்கும் மலிந்ததற்குக் காரணம். இது மடிவதில்லை, அடுக்கப்படுகிறது. எடை சுமார் இரண்டரைக் கிலோ என்பதால் நான்கைந்தைக் கவிழ்த்து அடுக்கித் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை வழுக்கலுக்கு விட்டுவைக்கலாம். படிக்கட்டில் இது சிறிய நன்மையல்ல. முழங்கால் வலியுள்ள முதியவர் ஊன்றி எழுவதற்குக் கைப்பிடி இருப்பதும் வேறு எந்த மலிவான இருக்கையிலும் இல்லாத வசதி. மழை இதற்கு ஒரு பொருட்டே அல்ல.

வெயில்தான் இதற்குப் பகை. உயரம் கூடக்கூடப் புறஊதாக் கதிரின் வலுவும் கூடுவதால், 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் குளிராக இருந்தாலும் வெளியே விடப்பட்ட பிளாஸ்டிக் மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்தது போல வெளிறி, பிறகு நொறுங்கத் தொடங்கும். அதைவிட முக்கியமான குறை, கால் நான்கும் சிறிய முனைகளாக இருப்பது. பள்ளப் பக்கத்துக் கால்கள் மண்ணில் புதையும்போது உட்கார்ந்திருப்பவரின் எடை முழுவதும் பின்காலும் இருக்கையும் சேரும் வளைவில் விழுந்து, அந்த இடத்திலேயே மயிரிழை போன்ற கீறல் ஓடும். கீறல் விழுந்த கதிரையைத் திருத்த வழியில்லை. சங்கத்தின் களஞ்சியத்தில் மூன்று கால் கதிரைகள் குவிவது இப்படித்தான்.

அடுத்தது இரும்பு மடக்குக் கதிரை. பட்டியலில் பார்க்கும்போது இதுவே மிகச் சிறந்ததாகத் தெரியும்: தட்டையாக மடியும், ஒரு சுவரோரத்தில் நூறு கதிரையைச் சாத்திவிடலாம், பழுதானால் ஒட்டவைக்கலாம். மடக்குக் கதிரையின் நுட்பம் முழுவதும் கீலில் இருக்கிறது. இத்தாலியரான ஜியான்கார்லோ பிரெத்தி 1967இல் வடிவமைத்த ‘பிலியா’, முதுகு, இருக்கை, பின்கால் ஆகிய மூன்றையும் மூன்று உலோகத் தட்டுகளாலான ஒரே கீலில் சேர்த்து, கீல் நீங்கலாக ஓரங்குல அளவுக்குள் மடியும்படி செய்தது. நம் கடைகளில் கிடைப்பவையோ பெரும்பாலும் இரு பக்கத்திலும் ஆணியடித்த எளிய வகை. இங்கேதான் மலைநாட்டு ஈரம் புகுகிறது. மடக்கி விரிக்கும்போது உரசும் இடத்தில் பூச்சு முதலில் போகிறது. காலின் அடியிலுள்ள ரப்பர் மூடி கழன்றதும் குழாயின் வாய் மண்ணையும் நீரையும் உள்ளே வாங்குகிறது. தென்மேற்குப் பருவம் மே மாதத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் பிடித்துக்கொண்டால் குழாயின் உட்புறம் உலர வாய்ப்பே இல்லாததால், துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே தெரியும்போது கால் பாதி தின்னப்பட்டிருக்கும். இதையே வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் நாகப்பூச்சுள்ள குழாயாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு காலின் தாழ்ந்த இடத்திலும் நீர் வடிய ஒரு சிறு துளை இடுவது அவசியம்.

சுமப்பதிலும் இது சோதனையே. ஒன்று நான்கு முதல் ஐந்து கிலோ. கைக்கு இரண்டாக நான்கைத் தூக்கினால் இருபது கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும், இரண்டு கையும் கட்டுப்பட்டுவிடும், பாசி பிடித்த படியில் சறுக்கினால் பிடிக்க எதுவும் மிஞ்சாது. மேலும், தகட்டு இருக்கையின் குழிவில் இரவுப் பனி துளித்துளியாகச் சேர்ந்து நிற்பதையும், விடியப்புறம் அதைத் துடைத்துவிட்டு ஒரு பாட்டியை உட்காரச் சொல்வதையும் நினைத்துப் பார்த்தால், மரண வீட்டு வாசலுக்கு இந்த உலோகம் பொருந்தாது என்றே சொல்வேன். பிள்ளைகள் விரலை நசுக்கிக்கொள்வதும் இதில்தான். பாடசாலை மண்டபம், சனசமூக நிலையம் போன்ற கூரையும் சமதரையும் உள்ள இடங்களில் இது நன்றாகவே உழைக்கும். அங்கே மட்டும் வாங்குங்கள்.

குறுக்குக் கால்களும் துணி இருக்கையும் கொண்ட மடக்கு ஸ்டூலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பண்டைய எகிப்தியர் காலத்திலிருந்தே இருக்கும் வடிவம் அது. எடை குறைவு, காமன் கூத்து ஆடும் திடலான காமன் பொட்டலில் இரவிரவாகக் கூத்துப் பார்க்கப் போகிறவர் தனக்கென்று ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். ஆனால் உட்காருபவரின் எடை கால்களை வெளியே தள்ள, துணியே அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. பருத்திக் கன்வஸ் நம் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து நலிந்தால் ஒருநாள் சொல்லாமல் கிழியும். நைலோன் நெசவு தாங்கும். பொதுவில் வாங்கி வைப்பதற்கு இது உரியதல்ல.

கழற்றிப் பூட்டும் வகைகளுக்கு வருவோம். இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும்: தொழிற்சாலையிலிருந்து வீடு சேரும்வரை மட்டும் பிரித்துக் கொண்டுபோவது வேறு, ஒவ்வொரு காரியத்துக்கும் பூட்டிக் கழற்றுவது வேறு. ஆஸ்திரியாவின் தளபாட நிறுவனமான தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் இலக்கக் கதிரை ஆறு மரத் துண்டுகளும் பத்துத் திருகாணிகளும் இரண்டு நட்டுகளுமாகப் பிரிந்து, ஒரு கன மீற்றர் பெட்டியில் முப்பத்தாறு கதிரை அடங்கும்படி கப்பலேறியது. அது முதல் வகை. சேர்ந்த இடத்தில் ஒருமுறை முடுக்கினால் முடிந்தது. நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. அதில் திருகாணியும் நட்டும் இருந்தால் மூன்றாவது காரியத்துக்குள் பாதி காணாமல் போகும். கையில் பொத்தி மறைக்கக்கூடிய அளவில் எந்தத் துண்டும் தனியாகக் கழலக்கூடாது என்பதை வடிவமைப்பவர் முதல் விதியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த விதியை அழகாகக் காப்பாற்றிய கதிரை ஒன்று வட இந்தியாவில் பிறந்தது. பொறியியல் கல்லூரிக்கும் இராணுவப் பொறியாளர் படைக்கும் பெயர்பெற்ற ரூர்க்கி நகரின் பெயரைத் தாங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானிய இந்தியப் படையினரிடையே பரவிய ரூர்க்கி கதிரையில் பசையும் இல்லை, ஆணியால் இறுக்கிய மூட்டும் இல்லை. நான்கு கால்களிலும் கூம்பாகத் துளையிட்டு, கூம்பாகச் சீவிய குறுக்குச் சட்டங்களை அவற்றில் செருகிவிடுகிறார்கள். உட்காருபவரின் எடையும் துணியின் இழுவையுமே மூட்டை இறுக்குகின்றன. மூட்டு விறைப்பாகப் பூட்டப்படாததால் ஒவ்வொரு காலும் சற்றுத் தனித்தனியே திரும்பி மேடுபள்ளத்துக்கு ஏற்றவாறு ஊன்றிக்கொள்ளும். டென்மார்க்கின் கோரே கிளிண்ட் 1933இல் செய்த சஃபாரி கதிரை இதன் வழிவந்ததே. மலைச்சரிவுக்கு இதைவிடப் பொருத்தமான எண்ணத்தை நான் கண்டதில்லை. கூம்பு மூட்டு, மரம் ஈரத்தில் உப்பினாலும் வெயிலில் சுருங்கினாலும் சில மில்லிமீற்றர் உள்ளேயோ வெளியேயோ நகர்ந்து தானே சரிசெய்துகொள்ளும். ஆனாலும் இருக்கை தாழ்வாகவும் பின்சாய்வாகவும் இருப்பதால் சேலை கட்டிய மூதாட்டிக்கு எழுவது சிரமம். கடைசல் வேலை தெரிந்த தச்சரும் வேண்டும். ஒரு கதிரைக்கான கூலி நான்கு பிளாஸ்டிக் கதிரையை விழுங்கிவிடும். முழுக் கதிரையாக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். இதன் தத்துவத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேரெதிர், இணையத்தில் இன்று அதிகம் பகிரப்படும், ஒட்டுப்பலகையில் வெட்டுவாய் இட்டு ஒன்றுக்குள் ஒன்று செருகும் கதிரை. படத்தில் மிக நேர்த்தியானது. 12 மில்லிமீற்றர் பலகைக்கு 12 மில்லிமீற்றர் வெட்டுவாய் என்று இயந்திரத்தில் வெட்டினால் கொழும்பில் அது சரியாகப் பொருந்தும். மூடுபனிக் காலத்து நானுஓயாவில் பலகை உப்பி உள்ளே போகாது, பங்குனி வெயிலில் ஆட்டம் கொடுக்கும். சாதாரண ஒட்டுப்பலகை விளிம்பிலேயே ஏடு ஏடாகப் பிரியவும் தொடங்கும். வெட்டுவாயைச் சற்றுத் தளர்வாக வெட்டி, இடைவெளியை மர ஆப்பால் இறுக்குவது இதற்கு மருந்து. அப்படிச் செய்தாலும் நீர் தாங்கும் தரத்துப் பலகையின் விலை வேறு இருக்கிறது.

இத்தனையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபின், தனிக்கதிரையை விட்டு விலகி, கழற்றிப் பூட்டும் வாங்கையே (நீள இருக்கை, பெஞ்ச்) நான் முன்வைக்கிறேன். ஆளுக்கு 45 சென்ரிமீற்றர் என்றால் 180 சென்ரிமீற்றர் நீளத்தில் நால்வர் அமரலாம். ஒரே அகலப் பலகைக்குப் பதிலாக, 11 சென்ரிமீற்றர் அகலமும் 4 சென்ரிமீற்றர் தடிப்புமுள்ள இரண்டு சட்டங்களை இடைவெளி விட்டுப் பொருத்தினால் மழைநீர் தேங்காது, எடையும் குறையும். தேயிலைக்கு நிழல் தரும், மலையகத்தில் சவுக்கு எனப்படும் கிரெவிலியா மரத்தில் இந்த இரண்டு சட்டங்களும் பத்துக் கிலோவுக்குள் அடங்கும். கால்சட்டங்கள் இரண்டும் ஏறத்தாழ ஆறு கிலோ. ஆக ஒருவருக்கு நான்கு கிலோ. இரும்பு மடக்குக் கதிரையைவிட இது கனமல்ல. இருக்கைச் சட்டத்தை இருவர் தோளில் எடுக்கலாம், தட்டையான கால்சட்டங்களை வாரிட்டு முதுகில் மாட்டிக்கொண்டால் கைகள் இரண்டும் ஓய்வாக இருக்கும். மரக்காலையில் அறுத்து வாங்கி, தோட்டத்துத் தச்சரே செய்துவிடலாம். ஒரு கால் உடைந்தால் அந்தக் காலை மட்டும் மாற்றலாம்.

பூட்டும் முறை இப்படி இருக்கட்டும். இருக்கையின் அடியில் இரு முனையிலும் இரட்டைக் கட்டைகளை நிலையாகப் பொருத்தி, கால்சட்டத்தின் ஆழமான குறுக்குச் சட்டம் அவற்றுக்கு இடையில் நுழைந்து ஓர் ஆப்பால் இறுகும்படி செய்ய வேண்டும்; ஆப்பைத் தடித்த கயிற்றால் கால்சட்டத்தோடு கட்டிவிட்டால் தொலையாது. ஒரு முனையில் குறுக்குச் சட்டத்தின் மேல்விளிம்பு தட்டையாகவும், மறுமுனையில் நடுவில் சற்றே புடைத்து வளைவாகவும் சீவப்பட வேண்டும். அந்த வளைவின்மேல் கால்சட்டம் ஓரிரு சென்ரிமீற்றர் சரிந்து கொடுக்கும்; ரூர்க்கி கதிரையின் தத்துவம் இங்கே வாங்குக்கு இறங்கிவருகிறது. காலடியில் தனி முனைகளுக்குப் பதில் இரு காலையும் இணைக்கும் தடித்த அடிச்சட்டம் வைத்து, அதன் கீழே பழைய டயர்த் துண்டை அறைந்தால் சேற்றில் புதையாது, மரத்தின் வெட்டுமுனை நீர் குடிப்பதும் குறையும். வாசலில் போடும்போது வாங்கைச் சரிவுக்குக் குறுக்காக, சம உயரக் கோட்டை ஒட்டி வைக்க வேண்டும்.

வாங்கின் உண்மையான ஆபத்து வேறொன்று: மூவர் எழுந்ததும் ஓரத்தில் இருப்பவரோடு அது குடைசாய்வது. கால்சட்டம் முனையிலிருந்து 45 சென்ரிமீற்றர் உள்ளே இருந்தால், ஓரத்தில் அமரும் அறுபது கிலோ மனிதரின் எடை காலுக்கு வெளியே விழுகிறது. பதினாறு கிலோ வாங்கால் அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது. 20 சென்ரிமீற்றரில் வைத்தால் அவருடைய எடை காலுக்கு உட்புறமாகவே விழும். அழகுக்காகக் காலை உள்ளே தள்ளுவதற்குத் தச்சரை அனுமதிக்கக்கூடாது.

வாங்குக்கு முதுகுச் சாய்வும் கைப்பிடியும் இல்லை என்பதை மறைக்க முடியாது. ஆகவே நூறு பேருக்கு இருக்கை தேடும் சங்கம் இருபது வாங்குகளையும், முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்று இருபது கைப்பிடிப் பிளாஸ்டிக் கதிரைகளையும் வைத்துக்கொண்டு, கதிரைகளைக் கூரைக்குள் வெயில் படாமல் அடுக்குவதே சிறந்தது. பாயும் படங்கும் விரித்து அமரும் பெண்களுக்கு அவை எப்போதும்போல் இருக்கட்டும். தரையில் அமர்வதை யாரும் குறையாக எண்ணி இருக்கைக் கணக்கைப் பெருக்க வேண்டியதில்லை. இருபது வாங்குக்கும் ஒரேயடியாக முற்பணம் கொடுக்காமல், ஒன்றை மட்டும் முதலில் செய்வித்து, மழை பெய்த மறுநாள் தோட்டத்திலேயே மிகச் சரிவான வாசலில் போட்டு, நால்வரை உட்காரவைத்து, ஓரத்தில் இருப்பவரைத் தவிர மற்ற மூவரையும் ஒன்றாக எழச் சொல்லுங்கள். மறுமுனை மண்ணை விட்டுக் கிளம்பாவிட்டால் மீதி பத்தொன்பதையும் செய்யக் கொடுக்கலாம்.