ஒலிம்பிக் கடற்கரையில் குளிர்காலத் தனிக் கூடாரம்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் கடற்கரையில், ரியால்டோ பீச்சுக்கு வடக்கே, சில வருடங்களாக டிசம்பர், ஜனவரியில் தனியாகக் கூடாரம் போட்டுத் தங்கி வருகிறேன். எந்தச் சாமான் உழைத்தது, எது காலை வாரியது என்று பலரும் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இங்கே குளிர் பெரிய எதிரி இல்லை, இரவில் பெரும்பாலும் பூஜ்யத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். ஆளைச் சாய்ப்பது ஈரம். பக்கத்து ஊரான ஃபோர்க்ஸில் வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை, அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில் கொட்டுகிறது. ஸ்லீப்பிங் பேக் எத்தனை டிகிரி தாங்கும் என்று கேட்டு வாங்குகிறோம், நனைந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

என்னிடம் இருந்தது வாத்துத் தூவி அடைத்த விலை உயர்ந்த பை. முதல் ராத்திரி அருமை. இரண்டாம் ராத்திரி, கூடாரத் துணியில் உரசிய கால்மாட்டில் தூவி கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது, விரலால் பிடித்துப் பார்த்தால் நடுவில் ஒன்றுமே இல்லாமல் வெறும் இரண்டு துணி. இப்போது செயற்கை இழைப் பைதான். அரை கிலோ கூடுதல், மடித்தாலும் பெரிய மூட்டை, ஆனால் நசநசவென்று இருக்கும்போதும் சூடு கொடுக்கிறது. எனக்கு அது போதும்.

கூடாரத்திலும் அதே கதை. நைலான் துணி நனைந்தால் தொய்ந்துபோகும், நடுராத்திரி மழையில் எழுந்துபோய்க் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். பாலியஸ்டருக்கு மாறியபின் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. முளைகளைப் பொறுத்தவரை, மணலிலும் உருண்டைக் கூழாங்கல்லிலும் சாதாரண முளை நிற்கவே நிற்காது. முழங்கை நீளக் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, ஒரு அடி ஆழத்தில் படுக்கையாகப் புதைத்து, மேலே கல்லை ஏற்றுங்கள். தென்மேற்கிலிருந்து வரும் புயல் காற்றில் கூட அது அசைந்து நான் பார்த்ததில்லை.

சரி, இனி அலை ஏற்ற இறக்கம். கோடையில் பழகியவர்கள் ஏமாறுவது இங்கேதான். இந்தக் கரையில் கோடையில் கடல் அதிகமாக வற்றுவது பகலில், குளிர்காலத்திலோ இருட்டில். ஜூலையில் சாவகாசமாகச் சுற்றிப்போன பாறை முனையில் டிசம்பர் பகலில் இடுப்பளவுத் தண்ணீர் இருக்கலாம். பக்கத்துக் கடலோர ஊரான லா புஷ்ஷின் அலை அட்டவணையை அச்செடுத்து, எந்த முனையை எத்தனை அடிக்குக் கீழே கடக்கலாம் என்ற வரைபட எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். அட்டவணை நிலாவையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு, அன்றைய புயல் அதற்குத் தெரியாது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும், காற்று தள்ளுகிற தண்ணீர் தனி. புயல் வருகிறது என்றால் எந்த முனையையும் நான் கடப்பதே இல்லை.

கரை முழுக்க ஒதுங்கிக் கிடக்கும் பெருமரங்களுக்கும் இது பொருந்தும். காற்றுக்கு மறைவாக இருக்கிறதே என்று அவற்றின் இடுக்கில் படுத்துவிடாதீர்கள். ஒரு சாண் தண்ணீர் வந்தாலும் அந்த மரங்கள் உருளும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். காட்டோரம் ஏறிப் போடுங்கள், தலைக்கு மேலே பட்டமரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாப்பாட்டை வைக்கக் கரடியால் திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா இங்கே கட்டாயம். நடைமுறையில் அது ரக்கூன்களுக்காக. என் டப்பாவின் மேலெல்லாம் நகக் கீறல், மூடி ஒரு முறைகூடத் திறந்துகொள்ளவில்லை. ஓடைத் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். அது இலைதழைகளின் சாயம், வடிகட்டினாலும் போகாது, வடிகட்டிக் குடித்தால் ஒன்றும் செய்யாது. உறைகிற ராத்திரியில் வடிகட்டியை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள், உள்ளிருக்கும் நுண்குழாய்கள் உறைந்தால் விரிசல் விட்டுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

மாலை 4:30-க்கு இருட்டினால் காலை 8 மணிக்குத்தான் வெளிச்சம். தனியாகப் போகிறவர்களுக்கு இதுதான் பாரம். நல்ல தலைவிளக்கு, மாற்று பேட்டரி, அப்புறம் வீட்டிலேயே வறுத்துத் தாளித்துக் கொண்டுபோன ரவை. கொதிநீர் ஊற்றி மூடி வைத்தால் உப்புமா. செல்போன் சிக்னலை நம்ப முடியாது என்பதால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் கருவி வைத்திருக்கிறேன், தினமும் படுக்குமுன் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பாமல் இருந்ததில்லை. தனியாகப் போகிறவர்கள் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

முதல் தடவை போகிறவர்கள் எல்லன் கிரீக் என்ற ஓடைக்கும், ஹோல்-இன்-த-வால் என்ற ஓட்டை விழுந்த பாறைக்கும் நடுவிலேயே தங்குங்கள். எல்லன் கிரீக்குக்குத் தெற்கே கூடாரம் போட அனுமதி இல்லை. வடக்கே அந்தப் பாறை வரைக்கும் எந்த முனையையும் சுற்ற வேண்டியதில்லை. ஓடை மட்டும் மழையில் ஏறும், திரும்பும் நாளன்று அதற்காகக் கொஞ்சம் நேரம் ஒதுக்கி வையுங்கள்.