ஹாம் வானொலி மெஷ் வலையமைப்பு: சில ஆண்டுகள் பயன்படுத்திய பின்

ஹாம் வானொலியாளர்களின் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள்) அவசரகாலத் தரவு வலையமைப்புக்கான ஏ.ஆர்.இ.டி.என். ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் மென்பொருள்) ஏற்றிய கருவிகளைக் கொண்டு எங்கள் ஹாம் குழு அமைத்த மெஷ் வலையமைப்பைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். மென்பொருளைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. உரிமையாளரின் அழைப்புக்குறியை (உரிமத்துடன் தரப்படும் அடையாளக் குறி) பெயரில் தாங்கிய ஒவ்வொரு நோடும் (வலையமைப்பின் ஒரு நிலையம்) அண்டை நோடுகளைத் தானே கண்டுகொள்கிறது. ஒரு வழி அறுந்தால், மாற்று வழி இருக்கும்வரை, அதையும் தானே தேடிக்கொள்கிறது. வலையமைப்பு நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பவர்கள் ஹாம் உரிமமே இல்லாத கட்டட உரிமையாளர்கள்தாம்.

காரணம் எளியது. 5.8 கிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டர் இணைப்புக்கு, நேர்ப்பார்வை இருந்தால் மட்டும் போதாது. நடுவழியில் ஃபிரெனெல் மண்டலத்தின் (இரு ஆன்டெனாக்களுக்கு இடையிலான நேர்கோட்டைச் சுற்றி அலை பரவும் பகுதி) ஆரம் ஏறத்தாழ 8 மீட்டர் வருவதால், அதில் பெரும்பகுதியாவது மரங்களும் கட்டடங்களும் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். அத்தகைய உயரம் உறுப்பினர்களின் வீடுகளில் அரிதாகவே கிடைக்கிறது என்பதால், பிறருடைய மொட்டைமாடியைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

பேரிடர்க் காலத்தில் உதவும் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் அனுமதி கிடைக்காது. கருவியின் எடை, அது இழுக்கும் மின்சாரம் (பெரும்பாலான சிறிய கருவிகளுக்கு 10 வாட்டுக்கும் குறைவு), சுவரைத் துளைக்காமல் பொருத்தும் முறை, மின்னல் காப்புக்கான புவி இணைப்பு, பழுதானால் அழைக்க வேண்டியவர், வேண்டாமென்றால் எத்தனை நாளில் அகற்றித் தருவோம் என்ற உறுதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுத்த பிறகுதான் கதவுகள் திறந்தன. அந்தத் தாளில் உரிமையாளர்கள் முதலில் படிப்பது கடைசி வரியைத்தான் என்பது என் கணிப்பு.

இலவச இணையம் வரும் என்ற எதிர்பார்ப்பை முதல் சந்திப்பிலேயே களைந்துவிட வேண்டும். ஹாம்கள் பயன்படுத்தும் அமெச்சூர் அலைவரிசைகளில் வணிகத் தகவல்தொடர்புக்கு இடமில்லை. செய்தியின் பொருளை மறைக்கும் குறியாக்கத்தையும் பல நாடுகளின் விதிகள் தடுக்கின்றன. எனவே வங்கிக் கணக்கோ கடவுச்சொல்லோ இதில் செல்லக் கூடாது. இதைக் கேட்டு விலகியவர்கள் உண்டு. தெரிந்தே இடம் தந்தவர்கள் பின்னர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

ஆதரவைத் தக்கவைத்தது அன்றாடப் பயன்தான். கூரைக் கேமராவின் வானக் காட்சியை உரிமையாளரிடம் காட்டுவது, பயிற்சி நாளில் உரிமம் பெற்றவரின் மேற்பார்வையில் அக்கம்பக்கத்தாரை வலையமைப்பின் வழியே இயங்கும் ஐபி தொலைபேசியில் பேச வைப்பது போன்றவற்றுக்கு எந்த விளக்கவுரையும் ஈடாகவில்லை. யாரும் தொடாத நோடு, பாழடைந்த கிணறு போல, தேவைப்படும் நாளில் கைகொடுக்காது.

இன்றும் பலவீனம் பராமரிப்பில்தான் இருக்கிறது. ஆன்டெனா பொருத்த ஆர்வத்துடன் வருபவர்கள், தேய்ந்துபோன மின்கலத்தை மாற்ற வருவதில்லை. ஒவ்வொரு கூரைக்கும் இரண்டு பொறுப்பாளர்கள் கிடைக்காதவரை புதிய இடத்தை ஏற்பதில்லை என்று இப்போது முடிவு செய்திருக்கிறோம். அதனால் விரிவாக்கம் மெதுவாகியிருக்கிறது, செயலிழந்து கிடக்கும் நோடுகளும் குறைந்திருக்கின்றன.